மங்கல் கண்ணாடிக்குப் பொட்டு வைத்தேன்

துடைக்கும் துணியைக் கையில் எடுத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் காரணம். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குச் சீட்டு, எனக்குத் துணி. மேஜையில் தொடங்கினால் மேஜைக்காலுக்கு இறங்கி, தரைக்கு வந்து, வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கதவின் பித்தளைக் கைப்பிடியில்தான் சுயநினைவு வரும்.

இந்த வியாதிக்கு வருடத்தில் ஒரு நாள் சாமியே லைசென்ஸ் கொடுத்திருக்கிறார். ஆயுத பூஜை. மும்பை தாராவியில் எங்கள் அப்பாவின் வெல்டிங் பட்டறையில் அன்று துடைக்கப்படாத பொருளும் கிடையாது, பொட்டு வாங்காத பொருளும் கிடையாது. மெஷினுக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, மண்ணெண்ணெய் டின்னுக்குப் பொட்டு, நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன எவனோ ஒருவன் சைக்கிளுக்கும் பொட்டு. (அசையாமல் நின்று கொட்டாவி விட்ட ஒரு வெல்டருக்கும் நான் வைத்திருக்கிறேன். பாவம், சாயங்காலம் வரை அழிக்காமல் இருந்தார்.) ஆயுதம் எதுவானாலும் அதற்கும் ஒரு நாள் மரியாதை வேண்டும் என்பது என் ரத்தத்தில் கலந்தது. அந்த ரத்தம்தான் என்னைக் கவிழ்த்தது.

யாழினி என் தம்பி மகள். மாட்டுங்கா கல்லூரி ஒன்றில் இயற்பியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பொருளைப் படம் பிடிப்பது என்று ஒரு வேலையில் விழுந்து, சோறு தண்ணீர் மறந்து கிடந்தாள். ஒருநாள் என் சமையல்கட்டில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, அதை எனக்கு விளக்கினாள். குளியலறை ஜன்னலில் இருக்குமே, வெளிச்சம் வரும், ஆள் தெரியாது, அந்த மாதிரிக் கண்ணாடி.

"வெளிச்சம் அதுக்குள்ள போயி செதறிருது அத்தை. காணாமப் போகல. செதறிருது, அவ்வளவுதான்."

எனக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. காணாமல் போகவில்லை, சிதறியிருக்கிறது! எத்தனை வருடமாகக் கவிதை என்ற பெயரில் வரிகளை நீட்டி நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லையே!

"செதறினத எப்படிம்மா சேர்ப்ப?"

"தாதர் பிரிட்ஜ்ல சாயங்காலம் நிக்கீங்க. கீழ ட்ரெயின் வந்தது தெரியல, கூட்டம் மட்டும் மேல ஏறி வருது. எந்த ட்ரெயின்னு சொல்லிருவீங்களா, மாட்டீங்களா?"

"சொல்லிருவேன். விரார் பாஸ்ட்டுன்னா ஆள மிதிச்சுட்டு ஓடுவானுவ."

"அதேதான்! கூட்டத்தப் பாத்து ட்ரெயினக் கண்டுபிடிக்கேன். ஏக்தம் அதே வேலை."

கேமராவில் என்ன விழும் என்று காட்டினாள். கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போல் வெறும் புள்ளிகள். அதற்குள் ஒரு எழுத்து இருக்கிறது என்றாள். ஒவ்வொரு புள்ளியும் அந்த எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சம் சுமந்துகொண்டு, தன் பாட்டுக்கு வேறு பிளாட்பாரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! மழைக்கால பஸ் கண்ணாடி, இட்லிப் பானை ஆவி, வாஷிப் பாலத்தில் விடிகாலைப் பனி, பால், மேகம், தோல், இனி எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் யாரோ பத்திரமாக நிற்கிறார்கள் என்று தோன்றி எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதன் பிறகு அவள் முக்கியமான ஒன்றைச் சொன்னாள். "இந்தக் கண்ணாடி எப்படிச் செதறடிக்கும்னு கம்ப்யூட்டர் படிச்சு வச்சிருக்கு அத்தை. மாதிரிக்கு ஒவ்வொரு உருவமாக் காட்டிப் படிக்க வைக்கவே ஒரு நாள் முழுக்க ஆவுது. இந்த ஒரு கண்ணாடி, இந்த ஒரு இடம். தலைமுடி அளவு நகந்தாலும் படிச்சதெல்லாம் வேஸ்ட்."

நான் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். ஆனால் அந்த நேரம் மனசு தாதர் பாலத்தில் நின்று விராருக்குப் போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

என் தம்பிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கத பாக்கணும்னா கண்ணாடிய எடுத்துட்டுப் பாக்க வேண்டியதுதானக்கா? இதுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி?"

"தோலும் இந்த மாதிரி கண்ணாடிதான்ப்பா," என்றாள் யாழினி. "உள்ள இருக்க கட்டியப் பாக்க தோல எடுத்துட்டுப் பாப்பியா?"

தம்பி தன் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தான். பிறகு, "திங்கக்கிழமை வாஷி," என்றான்.

வாஷியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் அவளுக்கு வேலை பேசி முடித்திருந்தான். அதிலிருந்து தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. செம்பூரில் குடியிருந்த மராத்திக்காரப் பேராசிரியை ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு இடம் காலி. செய்து காட்டு, சேர்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அவருக்கு நேரம் கிடைத்தது விடுமுறை நாளில், கல்லூரியோ பூட்டிக் கிடந்தது. தாராவியில் தம்பி வீட்டிலோ, கீழே பட்டறையில் மெஷின் ஓடினால் மேலே தரை ஆடும். ஆகவே திலக் நகரில் எங்கள் தரைத்தள வீட்டின் பின் அறைக்கு, கல்லூரியில் கெஞ்சி வாங்கிய சாமான்களோடு யாழினி வந்து சேர்ந்தாள்.

என் வீட்டுக்காரர் சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட் பலகையைக் கொடுத்தார். நாலு ஸ்கூட்டர் டியூபுக்குக் காற்றடித்து அதன்மேல் பலகையை மிதக்க விட்டாள். வீட்டை ஒட்டி ஹார்பர் லைன் ரயில் போனாலும் பலகை அதிராதாம். பலகையின்மேல் வரிசையாக லேசர் விளக்கு, எழுத்து வெட்டிய கறுப்புத் தாள் துண்டு, மங்கல் கண்ணாடி, கேமரா. ஜன்னலுக்கு என் கறுப்புப் பட்டுப் புடவை. (திரும்பி வரும்போது அதில் ஆணி ஓட்டை இருந்தது. அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.)

பேராசிரியை வரப்போகும் நாள் ஆயுத பூஜை நாளாக அமைந்தது.

"அத்தை, லேசர் சூடாகி நிதானத்துக்கு வரட்டும், ஆன்ல இருக்கு. நேராப் பாத்துறாதீங்க. நான் ஸ்டேஷன்ல போயி மேடத்தக் கூட்டிட்டு வாறேன். எதையும் தொட்டுறாதீங்க, பின் ரூமுக்குள்ளயே போகாதீங்க."

"போகமாட்டேம்மா." மனதாரத்தான் சொன்னேன்.

மிக்ஸிக்குப் பொட்டு வைத்தேன். தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கேஸ் சிலிண்டர். வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். என் பேனாவுக்கு வைத்தேன், சுண்டல் கிண்டிய கரண்டிக்கும் வைத்தேன். பிறகு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு யோசித்தேன். இத்தனைக்கும் வைத்துவிட்டு, இந்த வீட்டிலேயே முக்கியமான ஆயுதத்தை, ஒரு பெண்ணின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப் போகிற ஆயுதத்தை மட்டும் மொட்டையாக விட்டுவிடுவதா? அப்பா இருந்தால் என்ன சொல்வார்?

சந்தனக் கிண்ணம், குங்குமம், திருநீறு, பழைய செய்தித்தாள், புகையும் சாம்பிராணிக் கரண்டி. உள்ளே போனேன்.

சாம்பிராணிப் புகை அறைக்குள் பரவ, எனக்கு முன்னால் ஒரு சிவப்புக் கோடு பிறந்தது! வெறும் காற்றில், யாரும் வரையாமல்! அதுவரை கண்ணுக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த லேசர் ஒளி, புகை தொட்ட இடத்தில் எல்லாம் எரிந்தது, நெளிந்தது, உயிரோடு துடித்தது. கையை நீட்டினேன், உள்ளங்கையில் ஒரு குங்குமப் பொட்டு விழுந்தது. கையை எடுத்தேன், பொட்டு போய்விட்டது. வெளிச்சமே எனக்குப் பொட்டு வைக்கிறது, நான் அதற்கு வைக்க வேண்டாமா! (இந்த மாதிரி நேரங்களில் யாராவது என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.)

விளக்குக்கு நெற்றியில் ஒன்று. கேமராவுக்குக் கண்ணை விட்டுவிட்டு உச்சியில் ஒன்று. பலகைக்கு நாலு மூலையிலும். அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். மங்கலாக இருக்க வேண்டிய கண்ணாடிதான், அது எனக்குத் தெரியும். ஆனால் அதன் ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது.

தொடக்கூடாது என்றால் கையால்தானே? நான் செய்தித்தாளால்தானே துடைக்கப் போகிறேன்? சட்டத்திலிருந்து கண்ணாடியை மெல்ல உருவி, எங்கள் வீட்டில் வெள்ளிக்கும் கண்ணாடிக்கும் வழக்கமாகப் போடும் திருநீற்றைப் போட்டு, இரண்டு பக்கமும் பளிச்சென்று தேய்த்து, திருப்பி மாட்டி, நடுவில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கிரானைட்டில் யாரோ பேனாவால் கிறுக்கிய சிலுவைக் குறி ஒன்று இருந்தது. அதையும் துடைத்தேன். (எந்தப் பொருள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.)

கையை எடுக்கும்போது எழுத்து வெட்டிய அந்தக் கறுப்புத் தாள் சந்தன விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினேன். அது சாம்பிராணிக் கரண்டியில் விழுந்தது. கரண்டியில் நெருப்பு. தாளோ தாள்.

இப்போதுதான் எனக்கு வேர்த்தது. அது 'ய' என்ற எழுத்து. கடுகு அளவில், யாழினி கண்ணில் நீர் வர வர வெட்டியது. மேஜையில் கறுப்புத் தாளின் மிச்சம் கிடந்தது. ஆனால் எனக்கு 'ய' எங்கே வெட்ட வரும்? புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். ஊக்குக்குத் தெரிந்தது குத்துவது ஒன்றுதான். தமிழில் குத்தியே எழுதக்கூடிய எழுத்து ஒன்று இருக்கிறதே! மேலே ஒன்று, கீழே இரண்டு. ஃ. நெருக்க நெருக்கமாக மூன்று குத்து, தாளை இருந்த இடத்தில் சொருகிவிட்டேன். இத்தனூண்டு தாளில் யார் பார்க்கப் போகிறார்கள்?

கதவுப் பக்கம் என் வீட்டுக்காரர் குரல். "ஏளா, உள்ள போகாதன்னு பிள்ள சொல்லிட்டுப் போச்சுல்லா?"

"போகல. நிக்கேன்."

"எங்க நிக்க?"

"உள்ள."

வாசலில் மணி அடித்தது.

"அரே, ஆக் லகீ ஹை க்யா?" தீ ஏதும் பிடித்துவிட்டதா என்று பேராசிரியை இருமிக்கொண்டே கேட்டது காதில் விழுந்தது, ஆள் தெரியவில்லை. புகை அவ்வளவு. ஒளியைச் சிதறடிக்கும் பொருளுக்குப் பின்னால் அந்த நேரம் மறைந்திருந்தவை: நான், என் வீட்டுக்காரர், பூஜைக்கு வந்த என் தம்பி, ஒரு சட்டி சுண்டல். அந்தப் புகையைக் கிழித்துக்கொண்டு சுண்டல் தட்டு ஏந்திய ஒரு கை மட்டும் பேராசிரியையின் முகத்துக்கு நேரே நீண்டது. "வாங்க மேடம், சாப்பிடுங்க." என் வீட்டுக்காரருக்கு எந்த நெருக்கடியிலும் உபசாரம் மறக்காது.

யாழினி பின் அறைக்குள் வந்தாள். விளக்கின் நெற்றியைப் பார்த்தாள். கேமராவின் உச்சியைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

"அத்தை." ஒரே ஒரு முறைதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "கண்ணாடியத் தொட்டீங்களா?"

"தொடலம்மா," என்றேன். "தொடச்சேன்."

அவள் பொட்டை மட்டும் வழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினாள். திரையில் ரவை கொட்டியது. மறுபடி தட்டினாள். மறுபடி ரவை. பேராசிரியை பக்கம் திரும்பி, நேராக நிமிர்ந்து இந்தியில் சொன்னாள். "மேடம், கண்ணாடி நகர்ந்துவிட்டது. நான் படிக்க வைத்தது எதுவும் இனி உதவாது."

"அப்போ திங்கக்கிழமை வாஷி," என்றது கூடத்திலிருந்து என் தம்பியின் குரல், வாயில் சுண்டலோடு.

பூமி பிளந்து என்னை விழுங்கும் என்று பார்த்தேன். திலக் நகரில் பூமிக்கு மேலெல்லாம் சிமெண்ட். பிளக்கவில்லை.

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெல்லிய உருவம், கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, அவசரமே இல்லாத ஆள். இந்தியில் கேட்டார்: "சரி. கண்ணாடியைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள். அப்போது என்ன செய்வாய்?"

யாழினி உதட்டைக் கடித்தாள். பிறகு லேசரை அணைத்துவிட்டு ஒரு சின்னப் பச்சை எல்.இ.டி. விளக்கை அந்த இடத்தில் வைத்தாள். இது வேறு வழி. கண்ணாடியைப் படிக்கவே வேண்டாம். ஒரே ஒரு படம் எடுத்து, அந்தப் புள்ளிக் கூட்டத்தை அதன்மேலேயே நகர்த்தி நகர்த்தி எங்கெங்கே பொருந்துகிறது என்று பார்ப்பது. கூட்டத்தைக் கூட்டத்தோடேயே ஒப்பிடுவது. அதிலிருந்து ஒளிந்திருக்கும் உருவத்தைக் கம்ப்யூட்டர் ஊகித்துச் சொல்லும். நேராகச் சொல்லுமா தலைகீழாகச் சொல்லுமா என்பதுதான் தெரியாது. இதைக் கல்லூரியில் எத்தனையோ தடவை செய்து பார்த்து, ஒரு தடவைகூட 'ய' வரவில்லை.

புகை போக ஜன்னலைத் திறந்தோம். மறுபடி என் பட்டுப் புடவையை மாட்டினோம். ரயில் ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தோம். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. "மாமா, மெல்லாதீங்க," என்று உத்தரவு போட்டாள். வீட்டுக்காரர் கன்னத்தில் சுண்டலை அடக்கியபடி சிலையானார்.

படம் எடுத்தாள். திரையில் மேகம் போல் ஏதோ கூடிக் கலைந்தது. மறுபடி எடுத்தாள். மேகம் சுருங்கியது, கட்டியானது, மூன்று புள்ளிகளாகி நின்றது.

அங்கே 'ய' இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன்.

"அத்தை, மூச்சு விடாதீங்க!"

மூடிக்கொண்டேன்.

மூன்றாவது படம். அதே மூன்று புள்ளி. யாழினியின் தோள் தொங்கிவிட்டது. "'ய' வரவில்லை மேடம். மூன்று புள்ளிதான் வருகிறது. திரும்பத் திரும்ப அதுதான் வருகிறது. எங்கே தப்பு என்று தெரியவில்லை." விளக்கை அணைக்கக் கை நீட்டினாள்.

"அணைக்காதட்டி!" என்று கத்தினேன். "அது தப்பில்ல! உள்ள இருக்கது அதுதான்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தமிழிலும் இந்தியிலும் மாறி மாறி உளறினேன். சந்தனம், விரல், கரண்டி, நெருப்பு, ஊக்கு. பேராசிரியைக்கு எவ்வளவு புரிந்ததோ, எழுந்து போய் இடுக்கியால் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மூன்று ஊசி ஓட்டை. திரையைப் பார்த்தார். மூன்று புள்ளி. தாளில் மேலே ஒன்று, கீழே இரண்டு. திரையில் மேலே இரண்டு, கீழே ஒன்று. எழுத்து தலைகீழாகி, இரண்டு கண்ணும் பிளந்த வாயுமாக ஒரு முகம்.

பிறகு என்னைப் பார்த்தார். நானும் அந்த நேரம் இரண்டு கண்ணும் உருண்டு, வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

"ஆத்யா," என்றார். மராத்தியில் அத்தைக்கு அதுதான் வார்த்தை. "யே தோ ஆப் ஹீ ஹோ!" இது நீங்களேதான்!

அவர் சிரிக்கத் தொடங்கினார். அந்த மெல்லிய உடம்புக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு எங்கே இருந்ததோ, கழுத்துக் கண்ணாடி ஆட ஆடச் சிரித்தார். யாழினி திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். வந்துவிட்டது! அவளுக்கு ஒருநாளும் வராதது வந்துவிட்டது!

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேராசிரியை சொன்னார்: "பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தே படம் எடுப்பவர்களுக்கு, வேண்டியது வேண்டிய மாதிரி தெரிந்துவிடும். இவளுக்கு 'ய' வேண்டும். ஆனால் மூன்று புள்ளி வந்தபோது மூன்று புள்ளி என்றுதான் சொன்னாள். திங்கட்கிழமை வந்துவிடு." பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "ஆத்யா வேண்டாம்."

"அப்போ வாஷி?" என்றான் என் தம்பி, வாசலில் வந்து நின்று.

அடக்கி வைத்திருந்த சுண்டலை விழுங்கிவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்: "ட்ரெயின் இருக்குல்லா? நீ போ."

இது நடந்து சில வருடமாகிறது. அந்தத் தாள் துண்டு இன்னும் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. புதிதாக எந்தக் கருவியை அமைத்தாலும் முதலில் அதைத்தான் வைத்துப் பார்ப்பார்களாம். அதற்குப் பெயரே அத்தை. மராத்திப் பையன்களும் வங்காளத்துப் பெண்களும் "பெஹ்லே அத்தை லகாவ்", முதலில் அத்தையை மாட்டு, என்கிறார்கள். பாலுக்குப் பின்னால் வைத்தார்கள், கோழித்தோலுக்குப் பின்னால் வைத்தார்கள், தெர்மோகோலுக்குப் பின்னால் வைத்தார்கள். அந்த ஆய்வுக்கூட வாசலை இன்றுவரை மிதிக்க அனுமதி இல்லாத நான், அவர்களிடம் இருக்கும் திரைக்கெல்லாம் பின்னால் போய் நின்று வந்துவிட்டேன்.

வீட்டில் நான் துணியை எடுத்தால் போதும். குளியலறைக் கதவுக் கண்ணாடியைத் தொட்டதும் என் வீட்டுக்காரர், "ஏளா, மெள்ள. உள்ள அத்தை இருக்கா," என்பார். தம்பியும் இப்போது சொல்கிறான். வாஷியைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

போன ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது யாழினியிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. கறுப்புத் திரை, மூன்று வெளிச்சப் புள்ளி. மேலே ஒன்று, கீழே இரண்டு. கூடவே ஒரு வரி.

"அத்தை, இன்னைக்கு நீங்க நேரா வந்துட்டீங்க."

சந்தனக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனையும் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடி பார்த்தேன்.